வாசுவை யாரும் வரையலாம்

எங்கள் தொழிலில் முக்கோணம் என்றால் வில்லன். கூரான மூக்கு, கூரான தாடை, கூரான தோள். வட்டம் என்றால் நல்லவன். சதுரம் என்றால் நம்பத் தகுந்தவன். எங்கே போய்ப் படித்தாலும் முதலில் இதைத்தான் சொல்லிக் கொடுப்பார்கள். அதனால் இந்தியப் பையனை முக்கோணத்தில் செய்யுங்கள் என்று ஒரு வாடிக்கையாளர் சொன்னபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அதைவிடப் பெரிய கோபம் ஒன்று பின்னால் வந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

போன மாதம் ஹேமா ஈசூனில் என் வீட்டுக்கு வந்தாள். நான் வேலை பார்த்த ஸ்டூடியோவில் இப்போது அவள் வேலை பார்க்கிறாள். எங்கள் கார்ட்டூன் தொடரில் வரும் அந்த இந்தியப் பையன் வாசுவுக்குப் புது உடுப்பு, புது நிறம் என்று ஏதோ மாற்றப் போகிறார்களாம். பழைய ஃபைல்களைத் திறந்து பார்த்திருக்கிறாள்.

"அக்கா, வாசு ஃபைல்ல டிசைனர் பேரே இல்ல. நீங்கதானே செஞ்சீங்க?"

"நான் இல்லை."

"அப்ப யாரு?"

சொன்னேன். அவள் அந்தப் பேரைக் கேள்விப்பட்டதே இல்லை. "எழுதிக் குடுங்கக்கா. எங்களுக்கும் தெரியணும் லா," என்றாள். எனக்கு அலங்காரமாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

என் கதையை முதலில் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். டன்லப் ஸ்திரீட்டில் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை, தீபாவளித் தள்ளுபடி நோட்டீஸ் என்று வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவள் நான். கணினி வந்தது. கற்றுக்கொண்டேன். பிள்ளையாரை விதவிதமாக வரைவாள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, புக்கிட் மேராவில் தொழிற்கூடக் கட்டடம் ஒன்றில் இருந்த கார்ட்டூன் ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்டார்கள். கடைசிவரை அங்கேதான் இருந்தேன்.

கலைப்பிரிவுக்குத் தலைவர் மிஸ்டர் டான். அவர் பேசுவது ஆங்கிலம், அதுவும் எண்ணி எண்ணித்தான் பேசுவார். பிளாஸ்டிக் பையில் கட்டிய பால் விடாத கோப்பி-ஓ ஒன்றை விரலில் மாட்டிக்கொண்டு நம் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார். உட்கார மாட்டார். நாம் வரைந்த உருவத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு நம் தோளுக்கு மேலே கையை நீட்டி, உருவம் முழுவதையும் கறுப்பாக்கிவிடுவார். கண், மூக்கு, சட்டை, பொத்தான் எல்லாம் போய்விடும். நிழல் மட்டும் திரையில் நிற்கும். அதையும் கட்டை விரல் அளவுக்குச் சுருக்குவார். அப்புறம் அந்தப் பக்கமாக யார் போனாலும் நிறுத்துவார். கணக்குப்பிள்ளையாக இருக்கலாம், தரை துடைக்கிற ஆன்ட்டியாக இருக்கலாம்.

"யார் இது?"

ஒரே சொல்லில் பதில் வர வேண்டும். "இது வந்து..." என்று இழுத்தாலே முடிந்தது. அடித்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

நான் செய்த முதல் உருவம் ஒரு பேருந்து ஓட்டுநர். நான்கு நாள் உட்கார்ந்து வரைந்தேன். மீசையில் ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரியும். கைக்கடிகாரத்தில் முள் இருக்கும். டான் கறுப்பாக்கினார். தரை துடைக்கிற ஆன்ட்டியைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"உருளைக்கிழங்கு," என்றார் ஆன்ட்டி.

டான் என்னைத் திட்டவில்லை. கோப்பியை ஓர் உறிஞ்சு உறிஞ்சிவிட்டு, "மீசையை நீ பார்த்தாய். ஆளை நீ பார்க்கவில்லை," என்று மட்டும் சொன்னார். அன்று கழிவறைக்குப் போய் அழுதேன். ஆனால் அவர் சொன்னது சரி. அந்த மனுஷன் தொழில் விஷயத்தில் தப்பாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

அவர் வகுத்த முறை இதுதான். முதல் நாள் கோடே போடக் கூடாது. வட்டம், சதுரம், முக்கோணம், இவற்றை நிறம் நிரப்பிய கட்டிகளாகத் திரையில் போட வேண்டும். தலைக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று. பெரிது எது, சிறிது எது என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். எல்லாம் ஒரே அளவில் இருந்தால் கண் எங்கே போவதென்று தெரியாமல் திணறும். அடுத்த நாள், ஒன்றோடொன்று சேர்ப்பதும் ஒன்றால் ஒன்றைக் கடித்து எடுப்பதும். வட்டத்தை இன்னொரு வட்டத்தால் கடித்தால் பிறை. அது காதாகலாம், சிரிப்பாகலாம். மூலைகளை எவ்வளவு மழுக்குவது என்பதற்கே அரை நாள் போகும். கண்ணும் வாயும் கடைசியில்தான். கோடு போட்டால் கைத்திறமை தெரியும். அதைப் பார்த்து நாமே மயங்கிவிடுவோம் என்பது டானுடைய பயம்.

இப்போது அந்த வேலைக்கு வருகிறேன். பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு கார்ட்டூன் தொடர். நான்கு பிள்ளைகள். சிங்கப்பூரில் நான்கு பிள்ளைகள் என்றால் எந்த நான்கு என்று யாரும் கேட்பதில்லை. சீனப் பிள்ளை, மலாய்ப் பிள்ளை, இந்தியப் பிள்ளை, ஐரோப்பிய-ஆசியக் கலப்பில் வந்த யூரேஷியப் பிள்ளை. சுவரொட்டியிலும் அப்படித்தான், பால் மாவு விளம்பரத்திலும் அப்படித்தான். வாடிக்கையாளர் தரப்பிலிருந்து வந்த பெண்மணி ஏற்கெனவே பங்கு பிரித்துக்கொண்டு வந்திருந்தார். சீனப் பையனுக்குச் சதுரம். மலாய்ப் பெண்ணுக்கு வட்டம். யூரேஷியப் பெண்ணுக்கு முட்டை. மீதி இருந்தது முக்கோணம். அதை நம் பையனுக்குத் தள்ளிவிட்டார்.

"எல்லா வடிவமும் வரணும்ல," என்றார்.

"முக்கோணத்தைத் திருடனுக்குத்தான் கொடுப்போம், தெரியுமா?" என்று கேட்டேன். அவர் நிமிராமல் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே, "நெற்றியில ஏதாவது வச்சா இந்தியன்னு தெரிஞ்சிடும்," என்றார். டான் எங்கள் பழைய படம் ஒன்றைத் திரையில் போட்டு, நெற்றியில் விபூதி வரைந்து, கறுப்பாக்கினார்.

"இப்போது தெரிகிறதா?"

அந்தப் பெண்மணி நெற்றியைப் பற்றி அப்புறம் பேசவில்லை. ஆனால் முக்கோணம் முக்கோணமாகவே எங்களிடம் தங்கிவிட்டது.

அந்த வேலை செல்வினுக்குப் போனது. செல்வின் நாகர்கோவில்காரன். இரண்டு வருட வேலை அனுமதியில், அதாவது பாஸில், வந்தவன். குண்டாக, மெதுவாக, யார் அவசரப்படுத்தினாலும் அசையாமல் இருப்பான். சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஓர் அறையில் ஐந்தாறு பேரோடு படுத்துக்கொண்டிருந்தான். அவன் இங்கே வந்த சில மாதத்தில் ஊரில் மனைவி பிரின்சிக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. குழந்தையை அவன் திரையில்தான் பார்த்திருந்தான். பாஸ் முடிய நான்கைந்து மாதம்தான் இருந்தது. டான் அவனிடம் நேராகச் சொல்லியிருந்தார்: உன் உருவத்தை வாடிக்கையாளர் ஏற்றுக்கொண்டால், தொடர் முழுவதற்கும் அதை வரைய நீ இங்கே இருக்க வேண்டும், பாஸைப் புதுப்பிக்கச் சொல்கிறேன், சம்பளமும் கூடும். கூடினால் குடும்பத்தைக் கூப்பிடலாம். அவன் அதற்குள் சிராங்கூனில் ஒரு சீனத் தாத்தா வீட்டில் தனி அறை பார்த்து வைத்துவிட்டான். தொட்டில் எங்கே போடுவது என்றுகூட என்னிடம் காகிதத்தில் வரைந்து காட்டினான்.

நான் முக்கோணத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவன் திட்டவில்லை. "அது என்னக்கா பண்ணிச்சு? அத யாரும் சரியா உக்கார வைக்கல, அவ்வளவுதான்," என்றான்.

செல்வினுக்கு ஞாயிறு காலை சர்ச். மத்தியானம் சிராங்கூன் சாலைக் கோவிலில் சாப்பாடு. கேட்டால், "ஜெபம் அங்க, சாம்பார் இங்க," என்பான். ஒரு ஞாயிறு அப்படிச் சாப்பிட உட்கார்ந்தபோது, எதிரே சம்மணம் போட்டு வரிசையாக உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறான். மடித்த முழங்கால்கள் இரண்டும் இரண்டு மூலை. தலை மூன்றாவது மூலை. திங்கட்கிழமை வந்து அதையே போட்டான். அடி அகன்ற முக்கோணம், மூலைகள் நன்றாக மழுங்கியது. அதை நிற்க வைத்தாலும் யாராலும் தள்ள முடியாத பிள்ளை மாதிரி இருந்தது. தலைக்கும் அதே முக்கோணம், சிறியதாக.

டான் கறுப்பாக்கினார். கணக்குப்பிள்ளை, "கூடாரம்," என்றார். நான், "சமோசா," என்றேன். செல்வின் சிரித்துவிட்டு உட்கார்ந்தான். ஒரு வாரம் முடியோடு மல்லுக்கட்டினான். சுருட்டை முடியை அத்தனை சுருளாக வரைந்தால் புதர் மாதிரி ஆகிவிடும். அவன் மூன்று வட்டங்களை அடுக்கி, நாலாவது வட்டத்தால் ஓரத்தைக் கடித்து எடுத்தான். மேலே ஒரு சுழி வந்தது. அதற்கு ஒரு விதி வைத்தான். வாசு எந்தப் பக்கம் பார்க்கிறானோ அந்தப் பக்கம்தான் சுழி சாயும். நிஜத்தில் எந்தத் தலைமுடியும் அப்படிச் சாயாது. ஆனால் திரையில், முகமே தெரியாத நிழலாக இருந்தாலும், இந்தப் பிள்ளை எதையோ ஆவலாகப் பார்க்கிறது என்று தெரிந்தது.

தரை துடைக்கிற ஆன்ட்டியை டான் கூப்பிட்டார். நான்கு பிள்ளைகளின் பேரும் ஸ்டூடியோ சுவரில் ஒட்டியிருந்ததால் அவருக்குத் தெரியும்.

"யார் இது?"

"வாசு."

டான், "ம்," என்றார். அந்த "ம்" எனக்கு எத்தனையோ வருட வேலையில் சில தடவைதான் கிடைத்திருக்கிறது.

வாடிக்கையாளரும் ஏற்றுக்கொண்டார். கடைசியில் ஒரு திருத்தம் மட்டும்: தோல் நிறத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்க முடியுமா? செல்வின் என் பக்கம் திரும்பி, "கறுப்பாக்கிப் பாத்துத்தானேக்கா ஓகே பண்ணினாங்க. இப்ப வெளுப்பாக்கச் சொல்லுதாங்களே," என்றான். நான் போய்ச் சத்தம் போட்டேன். நிறம் அப்படியே இருந்தது. அந்த ஒன்றில் மட்டும் ஜெயித்தோம்.

அடுத்து கேரக்டர் ஷீட். ஓர் உருவத்தை வேறொருவர் வரைய வேண்டுமானால் அவர் பார்த்து வரைவதற்கான தாள். முன்பக்கம், பக்கவாட்டு, முதுகு, சிரிப்பு, அழுகை, எந்த வட்டம் எதில் எத்தனை பங்கு, எல்லாம் அதில் இருக்கும். செல்வின் போட்ட மாதிரி ஒரு ஷீட்டை நான் பார்த்ததில்லை. சமையல் குறிப்பு மாதிரி இருந்தது. முதலில் இது, பிறகு இது, இங்கே கடி, இங்கே மழுக்கு. சுழியின் விதியைத் தனிக் கட்டம் போட்டு எழுதியிருந்தான். என் அக்காவின் பேத்தியிடம் கொடுத்திருந்தால்கூட வரைந்திருப்பாள்.

ஆனால் எங்கள் தொழிலில் பழைய கைகள் இப்படிச் செய்ய மாட்டார்கள். எல்லாவற்றையும் எழுதுவார்கள், ஒன்றை மட்டும் விட்டுவிடுவார்கள். ஒரு காது திரும்புகிற விதமோ, ஒரு கை வளைகிற விதமோ. மற்றவர் வரைந்தால் ஏதோ சரியில்லாமல் இருக்கும். என்னவென்று யாருக்கும் புரியாது. திரும்ப அந்த ஆளிடமே வருவார்கள். வேலை நிற்கும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவனைத் தேடிப் போனேன். சிராங்கூன் சாலையில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். ஒரு சந்துக் கடையில் தே தாரிக் வாங்கிக்கொண்டு சுவரோரம் நின்றோம்.

"செல்வின், அந்தச் சுழிக் கட்டத்த எடுத்துடு."

"எதுக்குக்கா?"

"எதுக்கா? அது உன் கையில மட்டும் இருக்கட்டும். படத்துல சும்மா நேரா நிக்கிற மாதிரி காட்டு. எப்படிச் சாயும்னு சொல்லாத."

"அப்ப மத்தவங்க வரைஞ்சா தப்பா வருமே."

"வரட்டும்டா! தப்பா வந்தாதான் உன்னக் கூப்பிடுவாங்க."

அவன் தேநீரை ஊதினான். "யாருக்கும் புரியாத மாதிரி எழுதணும்னா நான் டாக்டருக்குல்லாக்கா படிச்சிருக்கணும்," என்றான்.

"சிரிக்காத. உனக்குக் குழந்த இருக்கு."

"இருக்கு." சுவரில் சாய்ந்துகொண்டான். "அக்கா, யாரும் வரையலாம்னாதான் அது சரியான டிசைன். டான் சார் நம்ம ரெண்டு பேருக்கும் அதத்தான சொல்லிக் குடுத்தாரு. ஒண்ண ஒளிச்சு வச்சேன்னா வாசு எங்கிட்ட மட்டும் நல்லா இருப்பான். மத்த எடத்துல நொண்டுவான். நானே அவன நொண்ட வைக்கணுமா?"

"அவன் படம்டா! நீ மனுஷன்!"

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் என் காலிக் குவளையையும் வாங்கிக்கொண்டு போய்த் தொட்டியில் போட்டுவிட்டு வந்தான். "நீங்க பயப்படாதீங்க. இவ்வளவு நல்லா செஞ்சவன யாராவது அனுப்புவாங்களா?" என்றான்.

மறுநாள் ஷீட் அப்படியே போனது, சுழிக் கட்டத்தோடு.

நாட்கள் போயின. ஒரு காலை டான் என் மேசைக்கு வந்தார். விரலில் கோப்பிப் பை இல்லை. தன் கணினியிலிருந்து ஒரு சிறிய படத்தை அனுப்பியிருப்பதாகவும் அதைத் திறக்கும்படியும் சொன்னார். திறந்தேன். வாசு ஓடி வந்து நின்று, இந்தப் பக்கம் பார்த்து, அந்தப் பக்கம் பார்த்து, சிரிக்கிறான். சில விநாடிகள்தான். செல்வினுடையது என்றே நினைத்தேன். டான் எப்போதும் போல் கையை நீட்டி அதைக் கறுப்பாக்கினார். சுருக்கினார்.

"யார் இது?"

"வாசு," என்றேன்.

"செல்வின் வரைந்தது இல்லை," என்றார். "வெளிநாட்டில் ஒரு ஸ்டூடியோ. மேலே இருப்பவர்கள் சோதித்துப் பார்க்க ஷீட்டை மட்டும் அனுப்பினார்கள். நம்மிடம் ஒரு கேள்விகூட அந்த ஸ்டூடியோ கேட்கவில்லை."

எனக்குப் புரிந்துவிட்டது: வேலை அங்கே போகிறது, செல்வினுடைய பாஸைப் புதுப்பிக்க மாட்டார்கள். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. திரையில் நின்ற அந்தக் கறுப்பு நிழலைப் பார்த்துக்கொண்டே, "நான் அவர்களிடம் வாதாடினேன். அவன் எதற்கு வேண்டும் என்று கேட்டார்கள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை," என்றார். அந்தக் குரலில் அவர் பேசி நான் கேட்டது அன்று ஒரு நாள்தான்.

நான் மாடிக்குப் போனேன். நிர்வாகியின் கதவைத் தட்டாமலே உள்ளே நுழைந்தேன். வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். அதில் பாதியை இங்கே எழுத முடியாது. அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இது அவருக்குப் பெருமைதானே? அவ்வளவு நல்ல டிசைன்," என்றார். எனக்குக் கை துறுதுறுத்தது. "பெருமையை எந்த வங்கியில் போடுவது?" என்று கேட்டேன். வேலை இருக்கிறது என்று தொலைபேசியை எடுத்துக்கொண்டார். என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. நான் குடிமகள், வயதானவள், சத்தம் போடுபவள். அவன் பாஸில் வந்தவன். சத்தம் போடத் தெரியாதவன்.

பாஸ் முடிகிற வாரம் செல்வின் தன் மேசையைத் துடைத்து வைத்தான். யார் மேலும் கோபம் இல்லை அவனுக்கு. அதுதான் எனக்கு ஆகவில்லை. "முட்டாள்," என்று முகத்துக்கு நேரே சொன்னேன். "ஒரு கட்டம். ஒரே ஒரு கட்டம். அத எடுத்திருந்தா இன்னிக்கு உன் பொண்டாட்டி பிள்ள இங்க இருப்பாங்க."

"இருப்பாங்கக்கா," என்றான். "ஆனா அந்தப் பசங்க அனுப்புனாங்களே, ஓட்டம், பாத்தீங்களா? எவ்வளவு அழகு."

அவன் முகத்தில் நிஜமாகவே சந்தோஷம் இருந்தது. நான் எழுந்து போய்விட்டேன். சரியாக வழியனுப்பக்கூட இல்லை.

இத்தனை வருடமாகியும் எனக்கு இதில் தீர்ப்பு சொல்லத் தெரியவில்லை. ஷீட்டைப் பொறுத்தவரை அவன் சொன்னது சரி. வாழ்க்கையைப் பொறுத்தவரை நான் சொன்னது சரி. இரண்டும் சேர்ந்து சரியாக இருக்கும்படி அந்த இடத்தை யாரும் அமைத்து வைக்கவில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு நான் டான் சொன்னதையே சொல்லிக் கொடுத்தேன்: கோடு வேண்டாம், கட்டியாகப் போடு, கறுப்பாக்கிப் பார். ஷீட் எப்படிப் போடுவது என்று கேட்டால் செல்வினுடைய ஷீட்டைத்தான் காட்டுவேன். எதையும் ஒளிக்காதே என்று சொல்ல வாய் வராது. ஒளி என்று சொல்லவும் வராது. அந்த இடத்தில் நிறுத்திவிடுவேன்.

தொடர் நன்றாக ஓடியது. இன்னும் ஓடுகிறது. பிள்ளைகளுக்காக, "வாசுவை வரையலாம்" என்று ஒரு பகுதியும் சேர்த்தார்கள். செல்வினுடைய ஷீட்டையே பாட்டுப் போட்டுச் சொல்லிக் கொடுக்கிறார்கள். முதலில் முக்கோணம், அதன் மேல் இன்னொரு முக்கோணம். கைப்பேசி இருக்கிற எந்த ஊரிலும் அது கிடைக்கிறது.

செல்வின் கிறிஸ்துமஸுக்குக் கூப்பிடுவான். நாகர்கோவிலில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம் வடிவமைக்கிறான். போன கிறிஸ்துமஸுக்குக் கூப்பிட்டபோது சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னான். மகளுக்கு வாசு என்றால் உயிராம். "இத அப்பாதான் செஞ்சேன்," என்று சொல்லியிருக்கிறான். அவள் நம்பவில்லை. சரி பார் என்று அவள் கண் முன்னாலேயே வரைந்து காட்டியிருக்கிறான். அவள் பென்சிலை வாங்கி, பக்கத்திலேயே அதே மாதிரி வரைந்துவிட்டு, "எனக்கும்தான் வருது. அப்ப நான் செஞ்சேனா?" என்று கேட்டிருக்கிறாள்.

அவன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அவகிட்ட ஃபோனக் குடு," என்றேன்.

திரையில் அவள் முகம் வந்தது. அப்பாவுடைய அதே அசையாத முகம்.

"இங்க பாரும்மா. வாசுவ உங்கப்பாதான் செஞ்சாரு. நான் பக்கத்துல இருந்து பாத்தேன்."

"சிங்கப்பூர்லயா?"

"ஆமா, சிங்கப்பூர்லதான்."

அவள் யோசித்தாள். "அப்பாதான் செஞ்சாங்கன்னா, ஏன் ஆன்ட்டி அப்பாவ அங்கயே வச்சுக்கல?"

அந்தப் பக்கம் செல்வின் சிரிப்பதை நிறுத்திவிட்டான். யார் யாரையோ எதிர்த்துக் கத்தியவள் நான்; அந்தப் பிள்ளையிடம் கத்த முடியாது. கடைசியில் உண்மையைத்தான் சொன்னேன்.

"உங்கப்பா ரொம்ப நல்லா செஞ்சிட்டாரும்மா. அதான்."

அவள் அதையும் நம்பவில்லை.